என் செத்தவீட்டுக்கு வந்தவர்கள்

மூக்கில் பஞ்சு வைத்தபோது எனக்குத் தும்மல் வந்தது.

“அன்ரி, மையத்து தும்மாது,” என்றாள் ஷிஃபானா.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினார்கள். அதற்குமேல் எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கதைக்கவும் முடியவில்லை.

நல்ல உச்சிவெயில். வட்டுக்கோட்டையைத் தாண்டி வயலோரமாக நிற்கும் ஒரு பழைய கல்வீட்டின் நடுக்கூடத்தில், அகலமான கட்டிலொன்றில், தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தேன். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. சுவரில் மாலை போட்டுத் தொங்கிய படமும் என்னுடையதுதான். முற்றத்தில் பந்தல், வெளியே பறைமேளம், வாசல் படலையடியில் அமரர் ஊர்தி. ஒரு குறையும் இல்லாத செத்தவீடு.

நான் நடித்த ஒரேயொரு படத்துக்குக் கடைசிக் காட்சியாக எடுத்தது அது. இந்தத் தொடரில் உத்தியோகம், இடப்பெயர்வு, ஓய்வு என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்த நான், இந்த அத்தியாயத்துக்கு மட்டும் கிட்டப் போகாமல் தள்ளித் தள்ளி வந்தேன். ஏனென்று வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

ஏச்சுக் கேட்டு வந்த இயக்குநர்

கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கலியாணம் செய்யவில்லை. தனியாக இருக்கிறேன். நடிப்புக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஒருநாள் பஸ்ஸில் நடத்துநரோடு சண்டை பிடித்தேன். இறங்குவதற்குள் மணியடித்துப் பஸ்ஸை எடுக்கவைத்துவிட்டான், அதற்காக. வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசிவிட்டு இறங்கி நடந்தால், பின்னால் ஒரு பெடியன் ஓடிவருகிறான்.

“அன்ரி, கோவிக்காதையுங்கோ. உங்களைப்போலை ஏசுற ஒராளைத்தான் நான் தேடித் திரியிறன்,” என்றான்.

அவன்தான் கஜன். படம் எடுக்கப் படித்துவிட்டு வந்திருந்தான். அவன் சொன்ன கதை இதுதான். பெரிய வீடொன்றில் தனியே இருக்கும் ஒரு பொல்லாத மனுசி அறையொன்றை வாடகைக்கு விடுகிறாள். படிக்க வந்த ஒரு பெட்டை அதில் குடியேறுகிறாள். முதலில் இருவருக்கும் ஆகவே ஆகாது. போகப்போக ஒருத்தியில்லாமல் மற்றவளால் இருக்க முடியாது என்றாகிறது. ஒருநாள் மனுசி செத்துப்போகிறாள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்குகிறார்கள். அழுவதற்குக்கூட உரிமையில்லாமல் அந்தப் பெட்டை படலைக்கு வெளியே நிற்கிறாள்.

பெட்டையாக நடிக்க வந்தவள் ஷிஃபானா. போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்ட முஸ்லிம்களின் குடும்பம். இவள் பிறந்தது புத்தளத்தில். வாப்பா அங்கேயே காலமாகிவிட்டார். அதன்பின் உம்மா இவளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். முதல் சில நாட்கள் உம்மாவும் படப்பிடிப்புக்கு வந்து, குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்து, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாளே எங்களுக்குள் முறுகிக்கொண்டது. நான் வசனம் சொல்லி முடித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்ன சிரிப்பு?”

“இல்ல அன்ரி, நீங்க விண்ணப்பம் வாசிக்கிற மாதிரியே கதைக்கிறீங்க.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “உனக்குத் தெரிஞ்ச நடிப்பை நீ நடி. எனக்குப் படிப்பிக்க வராதை,” என்று பாய்ந்தேன்.

“வெட்டாதை, வெட்டாதை, அப்பிடியே ஓடட்டும்!” என்று கஜன் ஒளிப்பதிவாளரைப் பார்த்துக் கத்தினான். எங்கள் உண்மைச் சண்டை படத்தில் இருக்கிறது.

பட்டப்பகல் பேய்க்கதைகள்

படப்பிடிப்பு என்பது பெரும்பாலும் காத்திருப்பு. வெளிச்சத்துக்குக் காத்திருப்பார்கள். மின்சாரத்துக்குக் காத்திருப்பார்கள். தூரத்து உழவு இயந்திரம் நிற்கும்வரை காத்திருப்பார்கள். நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குள் சும்மா இருப்போம்.

அது நல்ல வீடு இல்லை. உரிமையாளர்கள் போய்ப் பல வருடம். பின் அறைகளில் வௌவால் நாற்றம். அலுமாரியைத் திறந்தால் யாருடையவோ மடித்து வைத்த சேலைகள். மடிப்பைத் தொட்டால் கையோடு வந்தது. நடுக்கூடத்தில் மட்டும் வெயில் எவ்வளவு எரித்தாலும் ஒரு குளிர் இருக்கும். கல்வீடு அப்படித்தான் என்று சொல்லிக்கொள்வோம்.

பொழுது போக்கத்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினோம். ஒருவரையொருவர் பயப்படுத்துவது. அவள் ஜின் கதை சொல்வாள். நான் முனிக் கதை சொல்வேன். யார் முதலில் “போதும்” என்கிறார்களோ அவர் தோற்றவர். நடுமத்தியானம், சுற்றிவர ஆட்கள், இருந்தும் எத்தனையோ தடவை நான்தான் தோற்றேன். தோற்றுவிட்டு இருவரும் வயிறு நோகச் சிரிப்போம். என் வயதுக்காரி ஒருத்தியோடும் நான் அப்படிச் சிரித்ததில்லை. கச்சேரியில் எனக்கு அருகே இருந்து வேலைசெய்தவர்களோடுகூட இல்லை.

ஒருநாள் கதையை நடுவில் விட்டுவிட்டுக் கேட்டாள்.

“அன்ரி, மவுத்தாகிற நேரம் ஆக்களுக்கு என்ன தெரியும்?”

“செத்துப் பாத்திட்டு வந்து சொல்லுறன்,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

அளவெடுத்தவர்

செத்தவீட்டுக் காட்சி நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பெட்டி செய்பவர் வந்தார். அவர் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. நாடாவை எடுத்து, உச்சியிலிருந்து குதிக்கால்வரை பிடித்தார். பிறகு தோளுக்குத் தோள்.

“ஆளே எழும்பி நிண்டு அளவு தாறது எனக்கு இதுதான் முதல் தரம்,” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். அன்று பின்னேரம் முழுக்க அவர் நாடா பிடித்த இடங்களில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது.

என் ஒன்றுவிட்ட அக்கா கேள்விப்பட்டு ஓடிவந்தார். “உயிரோடை இருக்கிறவளுக்கு வாய்க்கரிசி போடுறதோ? இது செய்யிற வேலையே மங்கை?”

“அரிசி போடுறது மாதிரித்தான் அக்கா. போட மாட்டினம்.”

“அதுகளுக்கு மாதிரி எண்டு தெரியுமே?” என்றார் அக்கா. அதுகள் என்றால் எவை என்று நான் கேட்கவில்லை.

உண்மையில், எனக்கு உள்ளூர ஒரு ஆசையும் இருந்தது. என் அம்மா இறந்தது இடம்பெயர்ந்திருந்த காலத்தில். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறை முழுக்கச் சனம். ஒருவர் புரண்டால் வரிசையே புரள வேண்டும். அம்மா அங்கேதான் போனார். மேளமில்லை, பந்தலில்லை. ஷெல் சத்தத்துக்கு நடுவே அவசரமாகத் தூக்கிக்கொண்டு போய், எங்களுக்குத் தெரியாத ஒரு ஊரின் சுடலையில் எரித்துவிட்டு வந்தார்கள். அழுதுகொண்டிருக்கவும் நேரமில்லை. அம்மா கிடந்த இடத்தில் மாலையில் வேறொரு குடும்பம் பாய் விரித்திருந்தது.

பறைமேளம் அடித்து, ஊர் கூடி நிற்கும் ஒரு செத்தவீடு, பொய்யென்றாலும் பரவாயில்லை, எங்கள் குடும்பத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆளுக்கொரு பெயர்

அழுவதற்கென்று சுற்றுவட்டாரத்திலிருந்து பெண்களைக் கூட்டி வந்திருந்தான் கஜன். தொடக்கத்தில் அவர்களுக்கு வெட்கம். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “அழுங்கோ அம்மா, சும்மா சத்தம் போட்டாக் காணும்,” என்று அவன் கெஞ்சினான்.

பறை அடிக்கத் தொடங்கியது. எனக்குக் கண்கள் மூடியிருந்தன. காதுகள் மட்டும்தான் வேலை செய்தன.

முதலில் ஒருத்தி. அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி. சற்று நேரத்தில் அது சும்மா போடும் சத்தமாக இல்லை. என் காலடியில் இருந்தவள் “என்ரை ராசா, உன்ரை முகத்தைக் காட்டாமல் போட்டியே” என்றாள். எனக்கு வலப்புறமிருந்து ஒருத்தி “சாந்தன், சாந்தன்” என்று கூப்பிட்டாள். சுவரோரமாக ஒரு குரல் அக்காவைத் தேடியது. இன்னொன்று ஒரு குழந்தையின் பெயரைச் சொன்னது.

ஒருத்தியும் எனக்காக அழவில்லை. கிடைக்காத உடல்களுக்காக, செய்யாத செத்தவீடுகளுக்காக, ஆளுக்கொரு பெயரைச் சொல்லி என்மேல் விழுந்து அழுதார்கள். அவர்களின் கண்ணீர் என் கையில் சூடாக விழுந்தது. அந்தப் பெயர்களுக்கெல்லாம் என் ஒருத்தியின் உடம்பு எப்படிப் போதும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல ஒரு நோவு வந்தது.

வாய் திறக்கப் பார்த்தேன். தாடை கட்டியிருந்தது. கையை உயர்த்த நினைத்தேன். கை எனக்குச் சொந்தமில்லாததுபோலக் கிடந்தது. எங்கோ தூரத்தில் கஜன் மெல்லச் சொன்னான்: “அசைவே இல்லை. அன்ரி அருமையாச் செய்யிறா. ஓடட்டும்.”

ஒவ்வொரு சத்தமாக அணைந்துகொண்டு போனது. முதலில் பறை. அடுத்து அழுகை. எல்லாம் போனபிறகு அந்த வெறுமைக்குள், என் இடக் காதருகே ஒரு பெண்குரல், மிகச் சாதாரணமாக, களைத்துப்போய் வந்து படுக்க இடம் கேட்பவளைப்போலச் சொன்னது:

“கொஞ்சம் அரக்கிப் படு பிள்ளை.”

அது அம்மாவின் குரல் இல்லை. அம்மாவின் குரலென்றால் நான் பயந்திருக்க மாட்டேன்.

படலையடியில் நின்ற ஊர்தி

அடுத்து நடந்தவற்றில் பாதி எனக்கு நினைவு, பாதி மற்றவர்கள் சொன்னது.

கதைப்படி, படலைக்கு வெளியே நிற்கும் ஷிஃபானா கடைசியில் உள்ளே வந்து என் பாதங்களைத் தொட வேண்டும். வந்தாள். தொட்டாள். தொட்ட கையை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

“இது நடிப்பில்ல! அன்ரிக்கு என்னவோ செய்யுது!”

யாரும் அசையவில்லை. வசனம் என்று நினைத்தார்கள். அழுத பெண்கள் இன்னும் பெரிதாக அழுதார்கள். பறை அடித்தவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். ஷிஃபானா கட்டிலில் ஏறி, என் மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்து, தாடைக் கட்டை அவிழ்த்தாள். “காலெல்லாம் வேர்த்துக் குளிர்ந்து கிடக்குது, பாருங்களேன்! அல்லாவுக்காக ஆராவது வாங்களேன்!” என்று அலறினாள். குத்துவிளக்கு சரிந்து எண்ணெய் ஓடியபோதுதான் கஜனுக்கு விளங்கியது.

வாகனங்கள் எல்லாம் பந்தலுக்குப் பின்னால் ஒன்றையொன்று மறித்து நின்றன. வெளியே போகக்கூடியது அமரர் ஊர்தி ஒன்றுதான். அதன் சாரதி கதவைத் திறக்காமல் நின்றார்.

“உயிரோடை ஆளை இதிலை ஏத்திறேல்லை தங்கச்சி. கூடாது.”

“அப்ப செத்த பிறகு ஏத்துவீங்களா?” என்று ஷிஃபானா கேட்டாளாம். அவர் உடனே கதவைத் திறந்துவிட்டார்.

அந்தப் பயணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கக் கண்ணாடியால் வெயில் அடித்தது. நெற்றியில் திருநீறும் சந்தனமும், கழுத்தில் மாலையுமாகக் கிடந்து கண்ணைத் திறந்து பார்த்தேன். றோட்டோரமாக ஒரு பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கித் தலைகுனிந்து நின்றார். கடை வாசலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒரு சந்தியில் பள்ளிப்பிள்ளைகள் அசையாமல் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி நேரே என் கண்களைப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியதைக் கண்டேன். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல விரும்பினேன். அதில் எனக்கே நிச்சயம் இருக்கவில்லை.

பெரியாஸ்பத்திரி வாசலில், வாகனத்தைக் கண்ட காவலாளி வழமைப்படி பிரேத அறைப் பக்கமாகக் கையைக் காட்டினார். ஷிஃபானா ஓடும் வண்டியிலிருந்து குதித்து, “மூச்சு இருக்குது, மூச்சு இருக்குது!” என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினாள்.

இரத்தக்குழாயில் அடைப்பு. நேரத்துக்கு வந்ததால் தப்பினேன் என்றார் டொக்டர். ஷிஃபானாவின் உம்மா தினமும் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார்.

வீடு திரும்பியதும் அக்கா விடவில்லை. செத்தவீட்டுத் தீட்டுக் கழிய வேண்டுமென்று கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கேணியில் முழுக வைத்தார். கதை எனக்கு முன்னமே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது. நான் படியிறங்கியதும் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். மதிலுக்கு அப்பால் கடல் அடித்தது. அத்தனை தண்ணீரிலும் நான் தனியே நின்றேன். மேலே குடையோடு இருந்த ஷிஃபானா, “அன்ரி, தண்ணி குளிரா?” என்று வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள்.

கஜனின் மடிக்கணினி

சில வாரம் கழித்துக் கஜன் வந்தான். ஷிஃபானாவும் அன்று என் வீட்டில் இருந்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தான்.

“அன்ரி, கேக்கவே கூச்சமாயிருக்கு. அண்டைக்கு எடுத்த காட்சி முழுக்க இருக்கு. அப்பிடி ஒண்டை இனி ஆராலும் எடுக்கேலாது. நீங்கள் ஓமெண்டால் படத்திலை வைப்பம்.”

“வெக்கமில்லையா உங்களுக்கு?” என்று ஷிஃபானா எழும்பினாள். நான் அவளை இருக்கச் சொன்னேன். எனக்குப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

மடிக்கணினியில் என்னைப் பார்த்தேன். பஞ்சும் கட்டுமாகக் கிடக்கும் ஒரு முகம். சுற்றிலும் அழும் பெண்கள். ஷிஃபானா உள்ளே வந்து கால்மாட்டில் நிற்கிறாள், இன்னும் தொடவில்லை. அப்போது அது நடந்தது. கட்டிலின் நடுவே கிடந்த என் உடம்பு, தோளும் இடுப்பும் சேர்ந்து, மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. அவ்வளவுதான். இடப்பக்கத்தில் ஓராள் படுக்கும் அளவுக்கு வெள்ளைத்துணி வெறுமையாகத் தெரிந்தது.

கையைத் தூக்க முடியாமல் கிடந்த நேரம் அது. திரையில் அப்போது ஒருவர் கையும் என்மேல் இல்லை.

“திருப்பிப் போடு தம்பி,” என்றேன்.

திரும்பப் போட்டான். அவன் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. அவன் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

குரலைப்பற்றி அதுவரை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அன்று இருவருக்கும் சொன்னேன். கஜன் காதில் ஹெட்போனை மாட்டி ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்டான். அழுகையும் பறையும்தான் இருந்தன.

ஷிஃபானா திரையைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்க அரக்கினதை நான் அங்க வச்சே கண்டேன் அன்ரி. அதாலதான் காலைத் தொட்ட உடனே விளங்கினது. வாப்பாவும் அப்படித்தான் செய்தார். நான் சின்னப் பிள்ளை. அவருக்குச் சுகமில்லை எண்டு கால் தேய்ச்சுக்கொண்டிருந்தேன். கால் வேர்த்துக் குளிர்ந்து இருந்தது. திடீரெண்டு பாயில அரக்கி இடம் விட்டார். எனக்குத்தான் விடுறார் எண்டு நினைச்சு அதில படுத்து நித்திரையாகிட்டேன். விடியப் பார்த்தா வாப்பா இல்ல.”

தலைத் துணியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அந்த இடம் எனக்கு விட்டதில்ல அன்ரி. ஆரோ வந்து படுத்திருந்தாங்க. நான் அவங்களுக்கு மேலதான் படுத்துக் கிடந்திருக்கிறேன்.”

வெளியே யாரோ ஐஸ்கிறீம் வண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். அதன் பாட்டு றோட்டு முடியும்வரை கேட்டது.

“அழி தம்பி,” என்றேன்.

“அழிச்சால் படத்துக்கு முடிவில்லை அன்ரி.”

“செத்தாத்தான் முடிவா?” என்றாள் ஷிஃபானா.

கஜன் நல்ல பிள்ளை. எங்களுக்கு முன்னால் வைத்தே அழித்தான். அதன்பின் வெளியே போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

இருக்கிறன்

படத்தில் நான் சாகவில்லை. முற்றத்து மாமரத்தின் கீழே மேசை போட்டு, சொதியில் புளி காணாது என்று நாங்கள் சண்டை பிடிப்பதோடு படம் முடிகிறது. அந்த நடுக்கூடத்துக்குள் நாங்கள் திரும்பப் போகவில்லை. நகரத்தில் ஒரு மண்டபத்தில் படம் ஓடியபோது எங்கள் ஊர்ச் சனம் நிறைய வந்தது. பலர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒரு மனுசி என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சூடாத்தான் இருக்கு,” என்று தன் மகளுக்குச் சொன்னாள்.

ஷிஃபானா இப்போது ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். காலையில் சுபஹு தொழுதுவிட்டு எனக்கு அழைப்பாள். “அன்ரி?” என்பாள். “இருக்கிறன்,” என்பேன். அவ்வளவுதான், வைத்துவிடுவாள். சுகம் விசாரிப்பதெல்லாம் பின்னேரம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தொலைபேசியை மேசையில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அபிஷேகம் முடிய வெயில் ஏறிவிட்டது. திரும்பி வந்தால், படலைக் கம்பிகளைப் பிடித்தபடி ஷிஃபானா நிற்கிறாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். தலையில் போட்ட துணி ஒருபக்கம், செருப்பு இரண்டும் வேறுவேறு சோடி. என்னைக் கண்டும் கம்பியை விடாமல் பார்த்தாள். என்னைப் பார்க்கிறாளா, எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்க்கிறாளா, எனக்குப் புரியவில்லை. நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

“நான்தான் பிள்ளை,” என்றேன்.

அதற்குப் பிறகு தொடங்கினாள் பாருங்கள் ஒரு ஏச்சு. நான் பஸ் நடத்துநருக்கு ஏசியதெல்லாம் ஏச்சே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஏசி முடிய, அந்த இடத்திலேயே மதிலோரமாகக் குந்தியிருந்து அழுதாள். தேத்தண்ணி குடித்தாள், வகுப்புக்கு நேரமாகிறதென்று அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

இப்போது தொலைபேசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் கோயிலுக்குப் போகிறேன். பூசை நேரம் பார்த்துத்தான் அது அடிக்கும். ஐயர் திரும்பி முறைப்பார். நான் பிள்ளையாருக்கு முன்னால் நின்றபடியே எடுத்து, “இருக்கிறன்,” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கும்பிடுகிறேன்.